வறட்டுக் காலத்தில் விதை ரகம் ஒப்பிட்டீர்களா, கணக்கு இடிக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பால்மரத்தை (ரப்பர்) சாய்த்துவிட்டுச் செம்பனைக் கன்று வைத்த காடுகளில், கன்றின் மட்டை விரிந்து நிழல் கட்டுவதற்குள் இரண்டு மூன்று வருடம் நல்ல வெயில் விழும் நிலம் கிடைக்கும். தோட்டத்தில் அனுமதி வாங்கி அந்த இடைவெளியில் சோளம் (மக்காச்சோளம்), நிலக்கடலை, பயத்தங்காய், மிளகாய் போடுகிறவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். ஜனவரி பிறந்தால் கெடா, பெர்லிஸ் பக்கம் மழை சுருங்கிவிடும், மார்ச் வரைக்கும் அப்படித்தான். அந்த மாதங்களில் எந்த ரகம் தாங்குகிறது என்று பார்க்க நாலைந்து விதைப் பை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம், எல்லாரும் செய்ய வேண்டியது. ஆனால் அறுவடை முடிந்ததும் “அண்ணே, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க, ஒண்ணும் பிடிபடல” என்று அழைப்பு வருவதும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. போய்ப் பார்த்தால் விதையில் குற்றம் இருப்பது அபூர்வம். பாத்தி போட்ட இடம், தண்ணீர், தேதி, தராசு, இந்த நாலில் ஒன்றில்தான் பெரும்பாலும் பிழை உட்கார்ந்திருக்கும்.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடி அங்கேயே தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

தேடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பாத்தி வரைபடம் ஒன்று, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று. விதைத்த தேதி, பாதிச் செடிகள் பூத்த தேதி, அறுத்த தேதி. அப்புறம் மழைக் கணக்கு. மழைக் கணக்குக்கு விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை, வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் நேரான டின் ஒன்றை வெட்டவெளியில் கம்பத்தில் கட்டி, தினம் காலையில் அடிக்குச்சியால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டினால் போதும். 1 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். கைபேசியில் வரும் மழைச் செய்தியை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். குனோங் ஜெராய் மலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொட்டும் மழை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள தோட்டத்தில் தூறலாகக்கூட விழாமல் போவதை இங்கே இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்த மூன்றும் இல்லாவிட்டால் கீழே சொல்வதில் பாதியைச் சோதிக்கவே முடியாது.

அறிகுறி: ஒரே ரகம், இரண்டு பாத்தி, இரண்டு விதமான விளைச்சல்

இதுதான் அதிகம் வருகிறது.

முதல் கேள்வி, ஒரு ரகத்துக்கு எத்தனை பாத்தி போட்டீர்கள்? ஒன்றுதான் என்றால் இந்த அறிகுறியே உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் முதலாவது என்று நினைக்கும் ரகம் நல்ல மண்ணில் விழுந்ததா, நல்ல விதையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை மூடி வைத்துவிட்டு அடுத்த பருவம் குறைந்தது மூன்று தொகுதியாகப் போடுங்கள், முடிந்தால் நாலு. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும் ஒரு தடவை வர வேண்டும், எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் ரொனால்ட் ஃபிஷர் வகுத்துக் கொடுத்த முறை இது, இன்றைக்கும் உலகம் முழுக்க வயல் சோதனை இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. சரிவு நிலமாக இருந்தால் தொகுதியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேட்டில் ஒரு தொகுதி, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீளவாக்கில் போட்டால் ஒரே தொகுதிக்குள்ளேயே காய்ந்த மண்ணும் ஈர மண்ணும் வந்துவிடும்.

மூன்று தொகுதியும் போட்டாகிவிட்டது, ஆனாலும் வித்தியாசம் என்றால், கயிறும் காலும் போதும், நடந்து பாருங்கள்.

பாத்தி எங்கே நிற்கிறது? வளர்ந்த செம்பனை வரிசைக்குப் பக்கத்துப் பாத்தியில் மரத்தின் வேர் வந்து தண்ணீரைக் குடித்துவிடும், காலையிலோ மாலையிலோ நிழலும் விழும். நான் மரத்தடியிலிருந்து 10 மீட்டர் தள்ளித்தான் முதல் வரிசையைத் தொடங்கச் சொல்வேன். அதேபோல் பழைய லயம் (தொழிலாளர் குடியிருப்பு) இருந்த இடம், ஆட்டுக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை இருந்த இடம், அடுப்புச் சாம்பல் கொட்டிய மூலை, இங்கெல்லாம் மண் இன்னும் தாராளமாகக் கொடுக்கும். தோட்டத்தில் இருந்த பெரியவர்களைக் கேளுங்கள், எந்த இடத்தில் என்ன இருந்தது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். மரத்தைச் சீவிக் குவித்த வரிசையின் மேல் விழுந்த பாத்தியும், லோரி ஓடிய தடத்தின் மேல் விழுந்த பாத்தியும் மற்றவற்றோடு ஒப்பிட லாயக்கில்லை.

ஓரத்துச் செடியையும் சேர்த்து அறுத்தீர்களா? பாத்தியின் ஓர வரிசைக்கு வெளிப்பக்கத்துத் தண்ணீரும் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும், வறட்டுக் காலத்தில் இந்தச் சலுகை பெரிது. நாலு வரிசை போட்டு நடு இரண்டை மட்டும் அறுத்து எடை போடுங்கள். 75 சென்டிமீட்டர் இடைவெளியில் 5 மீட்டர் நீளமுள்ள இரண்டு வரிசை என்றால் 7.5 சதுர மீட்டர். அதில் 3 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 4 டன் கணக்கு, ஏக்கருக்கு 1,600 கிலோவுக்குச் சற்று மேல்.

செடி எண்ணிக்கை சமமா? இது பலரையும் ஏமாற்றுகிறது. முளைக்காத குழி இருந்தால் பக்கத்துச் செடிக்குத் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்துவிடும், அதனால் வறட்சியில் இடைவெளி விழுந்த பாத்தியில் செடிக்குச் செடி விளைச்சல் கூடித் தெரியும், ரகம் தாங்குகிறது என்று தோன்றும். பெருக்கி வகுத்துச் சரிக்கட்டவும் முடியாது. விதைக்கும் முன்பே 100 விதையை ஈரத்துணியில் சுற்றி முளைப்பு பாருங்கள், குழிக்கு இரண்டு விதை போட்டு இரண்டாவது வாரத்தில் ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். நிலக்கடலை விதைக்கு இது இன்னும் முக்கியம், நம் ஊர்ப் புழுக்கத்தில் பையில் கிடந்தால் சீக்கிரம் முளைப்பு இழக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ரகத்தின் பாத்திகளுக்குள் உள்ள ஏற்ற இறக்கம், ரகத்துக்கும் ரகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் எதையும் முதலாவது என்று அறிவிக்காதீர்கள். அந்த நிலையில் செலவு செய்ய வேண்டியது மண் பரிசோதனைக்கு. ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பதினைந்து இடத்தில் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அளவில் தொகுதிவாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு மாவட்ட விவசாய இலாகாவுக்குக் கொண்டு போங்கள்.

அறிகுறி: எல்லா ரகமும் ஒரே மாதிரி விளைந்திருக்கிறது

எல்லாமே நன்றாக விளைந்திருந்தால் வறட்சி வரவில்லை என்று அர்த்தம். மழை டின் கணக்கை எடுத்துப் பூக்கும் காலத்துக்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் என்ன பெய்தது என்று பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு நல்ல மழை விழுந்திருந்தால் மீதி மாதம் முழுக்கக் காய்ந்திருந்தாலும் சோளத்தில் ரகங்கள் பிரிந்து தெரியாது. மழையே இல்லாமலும் இப்படி வரும், அப்போது மண்வெட்டியை எடுத்து அரை மீட்டர் தோண்டிக் கையில் மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்து உடையாமல் நின்றால் அடியில் ஈரம் இருக்கிறது. வடிகால் கான் பக்கத்திலும் சதுப்பு ஒட்டிய பள்ளத்திலும் இது சகஜம். அந்த நிலத்தில் வறட்சி ஒப்பீடு செய்யவே முடியாது, சாதாரண விளைச்சல் ஒப்பீடாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

எல்லாமே மோசமாக விளைந்திருந்தால் விஷயம் வேறு. வறட்சி முளைத்த உடனேயே வந்து செடியை நிமிரவிடாமல் அடித்திருக்கலாம், அப்படி அடித்தால் நல்ல ரகமும் கெட்ட ரகமும் சேர்ந்தே படுத்துவிடும். சோதனை நிலத்தில் முதல் மூன்று வாரம் தண்ணீர் கொடுத்து எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டு, அப்புறம்தான் தண்ணீரை நிறுத்த வேண்டும். 2 மீட்டர் அகலம் 5 மீட்டர் நீளப் பாத்திக்கு 10 மில்லிமீட்டர் கொடுக்க 100 லிட்டர் தேவை. கணக்குத் தெரியாமல் குழாயைப் பிடித்து ஊற்றினால் குழாய்க்குக் கிட்டே இருக்கும் பாத்தி அதிகம் குடித்துவிடும்.

வறட்சி போதுமானதா அதிகமா என்று தெரிந்துகொள்ள நிச்சயமான ஒரே வழி, அதே ரகங்களைப் பக்கத்தில் தண்ணீர் கட்டியும் ஒரு தொகுப்பு போடுவது. வேலை இரண்டு மடங்குதான், ஆனால் இது இல்லாமல் வறட்சி தாங்கும் ரகம் என்று பேசுவதற்கு அடிப்படையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் கட்டியதில் எல்லா ரகத்தின் சராசரி பாத்திக்கு 3.0 கிலோ, காய்ந்ததில் 1.8 கிலோ என்றால் இழப்பு பத்தில் நாலு பங்கு. மூன்று பங்கிலிருந்து ஆறு பங்கு வரை இழந்த சோதனையில் ரகங்கள் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. இரண்டு பங்குக்குக் கீழே என்றால் வறட்சி பற்றாது, எட்டைத் தாண்டினால் மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் அதிர்ஷ்டம்தான் பேசும்.

இரண்டு தொகுப்பிலும் எல்லாமே மோசம், தண்ணீர் கட்டியதுகூட எழவில்லை என்றால் தண்ணீரை மறந்துவிட்டு மண்ணின் புளிப்பைப் பாருங்கள். பழைய பால்மரக் காட்டு மண்ணில் பி.எச். 5-க்குக் கீழே இருப்பது சாதாரணம். அந்த அளவில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைச் சுடும், வேர் கட்டையாகிக் கீழே இறங்காது, மேலே பார்த்தால் அச்சு அசலாக வறட்சி மாதிரியே இருக்கும். ஒரு செடியைச் சுற்றித் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். தடித்துக் குட்டையாக இருந்தால் புளிப்பு. நேராக இறங்கி வந்து ஒரு மட்டத்தில் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் மண் இறுகியிருக்கிறது. புளிப்புக்குத் தோட்டத்தில் எல்லாரும் போடும் ஜி.எம்.எல். (அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல்) சுண்ணாம்புதான் மருந்து, விதைப்பதற்குச் சில வாரம் முன்பே போட்டுக் கிளறிவிட வேண்டும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை இல்லாமல் முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: முந்திப் பழுக்கிற ரகமே எப்போதும் ஜெயிக்கிறது

சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் அறுவடைக்கு வரும் ரகம், மண்ணில் மிச்சமிருக்கும் டிசம்பர் ஈரத்தை வைத்தே வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். அது வறட்சியைத் தாங்கவில்லை, வறட்சி வருவதற்குள் கிளம்பிவிட்டது. இந்த வட்டாரத்து விவசாயிக்கு அதுவும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் காய்ச்சல் டிசம்பரிலேயே தொடங்கினால் அந்த ரகம் கைவிட்டுவிடும்.

சோதனை எளிது. பாதிச் செடிகள் பூத்த தேதியை ரகவாரியாக எழுதி, பக்கத்தில் விளைச்சலை எழுதுங்கள். முந்திப் பூத்த வரிசைப்படியே விளைச்சலும் இறங்கிக்கொண்டு போனால் நீங்கள் அளந்தது பூக்கும் நாளை. சரிசெய்ய இரண்டு வழி. குறுகிய கால ரகங்களை ஒரு கூட்டமாகவும் நீண்ட கால ரகங்களை ஒரு கூட்டமாகவும் பிரித்துக் கூட்டத்துக்குள் மட்டும் ஒப்பிடுவது ஒன்று. தாமத ரகத்தை ஒரு வாரமோ பத்து நாளோ முன்னதாக விதைத்து எல்லாமே ஒரே வாரத்தில் பூக்கும்படி செய்வது இன்னொன்று, அதற்கு எந்த ரகம் எத்தனை நாளில் பூக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. முந்திப் பழுக்கும் ஒரே ரகம் என்றால் ஊரில் உள்ள பறவை, அணில், குரங்கு எல்லாம் முதலில் அங்கேதான் இறங்கும். எடை குறைந்ததற்குக் காரணம் வறட்சியா வாயா என்று அறுப்பதற்கு முன் கதிரைக் கதிராகப் பார்த்து எழுதுங்கள்.

அறிகுறி: சோளம் செழிப்பாக நிற்கிறது, கதிரில் மணி இல்லை

செடி உயரம், இலை பச்சை, ஆனால் கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. இதற்கு ஆண்பூ மகரந்தம் கொட்டும் நாளையும் கதிரில் முடி வெளியே வரும் நாளையும் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பற்றாக்குறை வந்தால் ஆண்பூ சொன்ன நாளில் வந்துவிடும், முடிதான் பின்தங்கும். முடி வெளியே வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். இந்த இடைவெளி மூன்று நாளுக்குள் இருந்தால் கவலையில்லை, ஒரு வாரத்தைத் தாண்டினால் கதிர் பெரும்பாலும் பொக்கு. மெக்சிகோவில் இருக்கும் சிம்மிட் சோளம், கோதுமை ஆராய்ச்சி நிலையம் வறட்சி தாங்கும் சோளத்தைத் தேர்ந்தெடுத்தபோது முக்கியமாகப் பார்த்தவற்றில் ஒன்று இந்த இடைவெளி. அறுவடை எடையைவிட இந்த எண் நம்பகமாக ரகத்தைக் காட்டிக்கொடுப்பதை நான் பல பாத்தியில் பார்த்திருக்கிறேன். பூக்கும் இரண்டு வாரமும் தினமும் காலையில் போய் எண்ணுங்கள், காசு செலவே இல்லை.

இடைவெளி எல்லா ரகத்திலும் சரியாக இருந்தும் மணி இல்லையா? பாத்தி ரொம்பச் சின்னதா என்று பாருங்கள். ஒற்றை வரிசையில் போட்ட சோளத்துக்கு மகரந்தம் காற்றோடு போய்விடும், சதுரமாகக் கூட்டிப் போட வேண்டும்.

விதை எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கலப்பின விதை வாங்கி விளைத்து, அதிலிருந்து எடுத்து வைத்த மணியை மறுபடி போட்டிருந்தால் செடிக்குச் செடி உயரமும் பூக்கும் நாளும் மாறும், விளைச்சலும் இறங்கும். அப்படிப்பட்ட விதையைக் கடையில் வாங்கிய புது விதையோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

இலை சுருண்டதையும் காய்ந்ததையும் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: சுருளாமல் விரிந்திருந்தால் 1, வெங்காயத் தாள் போல இறுகச் சுருண்டிருந்தால் 5. எல்லாப் பாத்தியையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், காலையில் பாதி மதியம் பாதி என்று பார்த்தால் அந்த எண்ணை எறிந்துவிடலாம். கீழ் இலையில் நுனியிலிருந்து நடு நரம்போடு மஞ்சள் உள்ளே போனால் அது தழைச்சத்துக் குறை, ஓரம் மட்டும் தீய்ந்தால் சாம்பல் சத்துக் குறை. இரண்டையும் வறட்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: நிலக்கடலையில் காய் நிறைய, பருப்பு இல்லை

வறட்சி என்று உடனே சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் சுண்ணாம்புச் சத்துக் குறை. நிலக்கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியாக வாங்குவதில்லை, ஊசி (பூவிலிருந்து கீழே இறங்கும் காம்பு) மண்ணில் இறங்கி காய் பிடித்த இடத்து மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும். மேல் மண் காய்ந்து கிடந்தால் கால்சியம் இருந்தும் உள்ளே போகாது, புளிப்பு மண்ணில் கால்சியமே குறைவு, இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய பருப்பு ரகங்கள் இதில் அதிகம் அடிபடும், சிறுபருப்பு ரகம் தப்பிக்கும். பார்க்கிறவருக்குச் சிறுபருப்பு ரகம் வறட்சி தாங்குகிறது என்று தோன்றும்.

பிரித்துப் பார்க்க: ஒவ்வொரு ரகத்திலும் பாதிப் பாத்திக்கு மட்டும் பூக்கும் நேரத்தில் ஜிப்சம் தூவிவிடுங்கள். அந்தப் பாதியில் பொக்கு குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. குறையவில்லை, தண்ணீர் கட்டிய தொகுப்பில் மட்டும் பருப்பு நிறைந்திருக்கிறது என்றால் உண்மையிலேயே வறட்சி.

இங்கே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். காய் முற்றும் கடைசி வாரங்களில் காய்ந்த கடலையில் பூஞ்சை ஏறி அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு சேரும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. பச்சை மஞ்சளாகப் பூத்த பருப்பு, சுருங்கிய பருப்பு, தோல் நிறம் மாறியது எல்லாவற்றையும் எடை போட்ட பிறகு அழித்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் கோழிக்கும் போட வேண்டாம். விற்கும் எண்ணம் இருந்தால் ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் விற்காதீர்கள், வீட்டில் கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது.

அறிகுறி: ஒரு ரகம் மட்டும் வாடிச் சாகிறது

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறை. விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் நோயைத் தேடுங்கள், அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது வாடினால் கட்டாயம். மிளகாய், கத்தரி, தக்காளி, நிலக்கடலை இவற்றில் தண்டின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி நூலாக இறங்கினால் பாக்டீரிய வாடல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பூஞ்சையும் கடுகு மாதிரி உருண்டைகளும் இருந்தால் தண்டழுகல். வேரில் முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு.

இவற்றில் எது வந்தாலும் அந்த ரகத்துக்கு வறட்சி மதிப்பெண் கொடுக்காதீர்கள், நோய் என்று தனியாக எழுதுங்கள். பாக்டீரிய வாடல் என்றால் தாமதிக்காமல் விவசாய இலாகா அதிகாரியைக் கூப்பிடுங்கள். அதே மண்வெட்டியை அடுத்த பாத்தியில் போட்டால் நோய் அங்கேயும் போகும், மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், நாமே ஏதோ மருந்து வாங்கி ஊற்றித் தீர்த்துவிடுவோம் என்று கிளம்ப வேண்டாம்.

அறிகுறி: தராசு ஒன்று சொல்கிறது, கண் இன்னொன்று சொல்கிறது

தராசைச் சந்தேகப்படுவதற்கு முன் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு ரகத்தின் சோளமணி 5.0 கிலோ, ஈரம் 22 சதவீதம். இன்னொன்று 4.8 கிலோ, ஈரம் 15. இரண்டையும் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டு வர, 100-லிருந்து அதன் ஈரத்தைக் கழித்து எடையோடு பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும். முதலாவது 4.53 கிலோ, இரண்டாவது 4.74. ஜெயித்தவர் மாறிவிட்டார்! தாமத ரகம் எப்போதும் ஈரமாகவே தராசுக்கு வரும் என்பதால் இந்தப் பிழை ஒரே பக்கமாகச் சாயும். ஈரமானி இல்லையென்றால் எல்லா ரகத்தையும் ஒரே தார்ப்பாயில், ஒரே வெயிலில், எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து அதற்கப்புறம் நிறுங்கள்.

கடலையில் தோலோடு நிறுத்தால் போதாது. 3.0 கிலோ காயில் உடைத்த பருப்பு 60 சதவீதம் என்றால் 1.80 கிலோ, 2.7 கிலோ காயில் 70 சதவீதம் என்றால் 1.89. வறட்சியில் இந்த உடைப்புச் சதவீதம்தான் ரகத்துக்கு ரகம் அதிகம் மாறுவது.

பயத்தங்காய், வெண்டை, மிளகாய் மாதிரிப் பலமுறை பறிப்பவற்றில் எல்லாப் பறிப்பையும் கூட்டுங்கள். முதல் இரண்டு பறிப்பை மட்டும் எழுதிவிட்டு விட்டவர்கள் உண்டு, அது முந்திக் காய்த்ததை மட்டும்தான் காட்டும்.

அறிகுறி: சதவீதத்தில் ஜெயித்த ரகம் கிலோவில் தோற்கிறது

தண்ணீர் கட்டிய தொகுப்பும் போட்டவர்களுக்கு வரும் குழப்பம். முதல் ரகம் தண்ணீரில் 4.0 கிலோ, வறட்சியில் 2.6, இழப்பு 35 சதவீதம். இரண்டாவது தண்ணீரில் 2.6, வறட்சியில் 2.0, இழப்பு 23 சதவீதம். இழப்பை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் கெட்டி. 1978-ல் கோதுமையை வைத்து ஃபிஷர், மௌரர் இருவரும் (மேலே சொன்ன ஃபிஷர் வேறு) கொடுத்த வறட்சி பாதிப்புக் குறியீடும் அதையே சொல்லும், முதலாவதுக்குச் சுமார் 1.2, இரண்டாவதுக்கு 0.8, குறைவாக இருப்பதே நல்லது. ஆனால் பானைக்கு வருவது கிலோ. காய்ந்த வருடத்திலும் முதல் ரகம் 0.6 கிலோ அதிகம் கொடுத்திருக்கிறது!

இதற்காகவே 1992-ல் ஃபெர்னாண்டஸ் இன்னொரு கணக்குக் கொடுத்தார்: இரண்டு விளைச்சலையும் பெருக்கி, தண்ணீர்த் தொகுப்பின் சராசரியைத் தன்னோடு பெருக்கி வரும் எண்ணால் வகுப்பது. இங்கே சராசரி 3.3. முதல் ரகத்துக்கு 0.96, இரண்டாவதுக்கு 0.48, கூடுதலே நல்லது. நான் விவசாயிக்கு ரகம் சொல்லும்போது இந்த இரண்டாவது கணக்கையும் வறட்சிப் பாத்தியின் நேரடிக் கிலோவையும் சேர்த்துத்தான் பார்ப்பேன், இழப்புச் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருபோதும் சொல்ல மாட்டேன். தண்ணீரிலும் கொடுக்காத, வறட்சியிலும் கொடுக்காத ரகம் சதவீதத்தில் ஜொலிப்பது மிகவும் சுலபம்.

அறிகுறி: போன வருடம் ஜெயித்தது, இந்த வருடம் கடைசி

இரண்டு வருடத்து மழைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வறட்சி பூக்கும் முன் வந்ததா, பின் வந்ததா? முன் வறட்சியைத் தாங்கும் ரகமும் பின் வறட்சியைத் தாங்கும் ரகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல் நினோ வருடமா என்றும் பாருங்கள். 1997-98, 2015-16, 2023-24 எல்லாம் அப்படிப்பட்டவை, பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவானது 1998 ஏப்ரலில்தான். அந்த மாதிரி வருடத்தில் ஜெயித்த ரகத்தைச் சாதாரண வருடத்துக்கும், சாதாரண வருடத்து ரகத்தை அந்த மாதிரி வருடத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, இரண்டு வருடமும் ஒரே இடமா, விதை அதே பையா, பொதுவான ஒப்பீட்டு ரகம் ஒன்று இரண்டு வருடத்திலும் இருந்ததா? ஊரில் எல்லாரும் போடும் ரகம் ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும், ஒவ்வொரு வருடமும் தவறாமல் போட்டு, மற்றதை அதோடு ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும். அந்த ரகமும் சேர்ந்து விழுந்திருந்தால் வருடம் மோசம். அது நின்று உங்கள் ரகம் மட்டும் விழுந்திருந்தால் உங்கள் ரகத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஆந்திராவின் அனந்தப்பூரில், ஹைதராபாத் பக்கத்துப் பட்டாஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஐ.சி.ஜி.வி. 91114 என்ற கடலை ரகம், நெடுங்காலம் அங்கே இருந்த டி.எம்.வி. 2 ரகத்துக்கு மாற்றாக வந்தது விவசாயிகளின் சொந்த நிலத்தில் போட்டுப் பார்த்துத்தான். அந்த ரகம் இங்கே கெடாவில் எப்படி நிற்கும் என்பது வேறு கேள்வி, அனந்தப்பூர் மண்ணும் மழையும் நம்முடையது இல்லை. இணையத்தில் வறட்சி தாங்கும் என்று போட்டிருக்கிறது என்று விதை வரவழைக்கிறவர்கள் முதலில் இறக்குமதி அனுமதியைப் பற்றி விவசாய இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பருவம், இரண்டு இடமாவது போட்டும் முதலாவது யார் என்று தெரியவில்லை என்றால், அல்லது பத்துக்கு மேல் ரகங்களை ஒப்பிட நினைத்தால், அது வீட்டுக் கணக்கைத் தாண்டிய வேலை. பாத்தி வரைபடம், தேதிகள், மழைக் கணக்கு, பாத்திவாரியான எடை நான்கையும் நகல் எடுத்துக்கொண்டு மார்டி (மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நிலையத்துக்கோ விவசாய இலாகாவுக்கோ போங்கள். சராசரியை மட்டும் கொண்டு போகாதீர்கள், தனித்தனிப் பாத்தியின் எண் இருந்தால்தான் அங்கே இருப்பவர் உங்களுக்குக் கணக்குப் போட்டுத் தர முடியும்.